ஜொகூரில் ஜாவானிய மொழி: கிளைமொழிகளும் ஒலியமைப்பும்

முன்னுரை

ஒரு மொழி சிறுபான்மை மொழி என்று சொல்லப்படுவது அதனைப் பேசுவோர் தொகையைப் பொறுத்தது மட்டுமன்று. அது எவ்விடத்தில் பேசப்படுகிறது என்பதையும் பொறுத்தது. ஜாவானிய மொழியை இந்தோனேசியாவில் ஆறு கோடிக்கும் மேற்பட்டோர் தாய்மொழியாகக் கொண்டுள்ளனர். ஆஸ்திரோனேசிய மொழிக் குடும்பத்துள் தாய்மொழியாளர் தொகையில் முதலிடம் பெறுவதும் அதுவே. ஆயினும் நீரிணையைக் கடந்து ஜொகூருக்கு வந்தவுடன் அம்மொழி சிறுபான்மை மொழியாகிவிடுகிறது. அதற்கு இங்குப் பள்ளியில்லை, பாடநூலில்லை. வீட்டு முற்றமும் முதியோர் நாவுமே அதன் இருப்பிடங்கள். தாயகத்தில் பெருமொழியாகவும் அயலகத்தில் சிறுமொழியாகவும் விளங்கும் இந்நிலை தமிழருக்குப் புதியதன்று.

மணிமேகலை சாவகம் என்னும் நாட்டைக் குறிப்பிடுகிறது. அச்சாவகம் எது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு இருப்பினும், அப்பெயர் தமிழ் இலக்கியத்தில் தொன்றுதொட்டு வழங்குகிறது என்பதில் ஐயமில்லை. அத்தகைய பழந்தொடர்பு இருந்தும், நம் அண்டை வீட்டில் பேசப்படும் ஜாவானிய மொழியின் ஒலியமைப்பைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை மிகச் சிலவே. ஜொகூரில் வழங்கும் ஜாவானிய மொழியின் பின்னணி, அதன் கிளைமொழிகள், உயிர், மெய் ஒலிகளின் இயல்பு ஆகியவற்றைத் தமிழ் ஒலியமைப்போடு ஒப்பிட்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்கட்டுரையில் ஜாவானியச் சொற்கள் தமிழெழுத்தில் தரப்படுகின்றன. சொல்லிடையில் ஒற்றை வல்லெழுத்து வருமிடத்தைத் தமிழ் வழக்குப்படி மெலிந்த ஒலியாகவும், இரட்டித்த வல்லெழுத்து வருமிடத்தை வல்லொலியாகவும் கொள்க. ஜாவானியத்தில் மெய்யிரட்டிப்பு பொருள் வேறுபடுத்துவதில்லை. இங்கு இரட்டிப்பு ஒலியின் வன்மையை மட்டுமே காட்டும்.

ஜொகூரில் ஜாவானியர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் ஜாவானியர் பெருந்தொகையினராக ஜொகூரின் மேற்குக் கரைக்கு வந்து குடியேறினர். சிங்கப்பூரே அவர்களுக்கு வாயிலாக அமைந்தது. மக்கா பயணத்திற்காகக் கடன்பட்டவர்கள் அக்கடனைத் தீர்ப்பதற்காகத் தோட்டங்களில் உழைத்த வழக்கமும் இருந்தது. 1870களின் பிற்பகுதியில் அல்சாகோஃப் குடும்பத்தினர் ஜொகூர் ஆட்சியாளரிடம் நிலவுரிமை பெற்றுக் குக்குப் பகுதியில் அமைத்த கான்ஸ்டாண்டிநோப்பிள் தோட்டம் இத்தகைய உழைப்பாளர்களைக் கொண்டு நடைபெற்றது.

மூவார், பத்து பகாட், பொந்தியான் ஆகிய மாவட்டங்களின் கரையோரம் அக்காலத்தில் சதுப்பு நிலமாக இருந்தது. குடியேறிய ஜாவானியர் கால்வாய்களை வெட்டி நீரை வடித்துத் தென்னை, கமுகு, பின்னர் இரப்பர் ஆகியவற்றைப் பயிரிட்டனர். மலாயில் இக்கால்வாய் பாரிட் எனப்படும். பாரிட் ஜாவா, பாரிட் ராஜா எனப் பாரிட் என்னும் முன்னொட்டோடு வழங்கும் ஊர்ப்பெயர்கள் அவ்வட்டாரத்தில் நிறைந்துள்ளன. இதே நிலப்பகுதியில் பஞ்சார் மக்களும் பூகிஸ் மக்களும் குடியேறியதால், ஜாவானிய மொழி தொடக்கம் முதலே பிற மொழிகளோடு உறவாடி வந்துள்ளது.

1957இல் நடைமுறைக்கு வந்த மலேசியக் கூட்டரசு அரசமைப்பின் 160ஆம் பிரிவு, இசுலாம் சமயத்தைப் பின்பற்றி, மலாய்மொழியை வழக்கமாகப் பேசி, மலாய் மரபுகளைக் கடைப்பிடிப்பவரை மலாய்க்காரர் என வரையறுக்கிறது. இவ்வரையறையினுள் ஜாவானிய வழித்தோன்றல்களும் அடங்கினர். இதனால் அவர்கள் நாட்டின் பெரும்பான்மைச் சமூகத்தோடு ஒன்றினர். அவர்தம் மொழியோ தனிப் பெயரோடு எண்ணப்படும் வாய்ப்பை இழந்தது.

கிளைமொழிகள்

ஜாவானிய மொழியின் கிளைமொழிகளைப் பொதுவாக மேற்கு, நடு, கிழக்கு என மூன்றாகப் பகுப்பர். சுராகார்த்தா, ஜோக்ஜாகார்த்தா ஆகிய அரண்மனை நகரங்களின் பேச்சு நடுக்கிளையைச் சார்ந்தது. அதுவே செம்மை வழக்காகக் கொள்ளப்படுகிறது. பன்யுமாஸ், தெகால், சிரெபோன் ஆகிய பகுதிகளின் பேச்சு மேற்குக் கிளையில் அடங்கும். சுராபாயா, மாலாங் பகுதிப் பேச்சும், கிழக்குக் கோடியிலுள்ள பன்யுவாங்கியின் ஓசிங் பேச்சும் கிழக்குக் கிளையைச் சார்ந்தவை.

இக்கிளைகளைப் பிரித்தறிய உதவும் தலையாய ஒலிக்கூறு சொல்லிறுதி அகரமாகும். 'என்ன' என்னும் பொருளுடைய சொல் மலாயிலும் ஜாவானியத்திலும் ஒரே வடிவில் எழுதப்படுகிறது. அதனைப் பன்யுமாஸ் மக்கள் இரண்டு அகரங்களையும் அகரமாகவே வைத்து 'அப்ப' என்பர். சுராகார்த்தா மக்களோ இரண்டையும் திறந்த ஒகரமாக்கி 'ஒப்பொ' என்பர். ஜொகூர் மலாய்க்காரர் முதல் அகரத்தை அவ்வாறே விட்டு, இறுதி அகரத்தை மட்டும் நடு உயிராக்கி 'அப்பெ' என்று ஒலிப்பர். ஆக, ஒரே எழுத்து வடிவம் மூன்று நாவில் மூன்றாக ஒலிக்கிறது. ஜொகூரிலுள்ள ஒரு ஜாவானியக் குடும்பத்தில் பாட்டன் 'ஒப்பொ' என்றும் பேரன் 'அப்பெ' என்றும் வினவினால், அங்கே நிகழ்வது உச்சரிப்பு மாற்றம் அன்று; மொழி மாற்றமே ஆகும்.

இரண்டாம் கூறு சொல்லிறுதிக் ககரம். 'குழந்தை' என்னும் பொருளுடைய 'அனக்' என்னும் சொல்லின் இறுதி மெய் நடுக்கிளையில் குரல்வளை அடைப்பொலியாகத் தேய்கிறது. பன்யுமாஸ் பேச்சில் அது முழுக் ககரமாக ஒலிக்கிறது. இதனால் அப்பேச்சைப் பிறர் 'ஙாப்பாக்' என விளையாட்டாக அழைப்பதுண்டு. ஜொகூர் மலாயும் இறுதிக் ககரத்தைக் குரல்வளை அடைப்பொலியாகவே ஒலிப்பதால், நடுக்கிளையினருக்கு இவ்வகையில் மலாய் அயலாகத் தோன்றுவதில்லை.

ஓசிங் பேச்சில் சொல்லிறுதி இகரம் ஐகாரமாகவும் உகரம் ஔகாரமாகவும் விரிகின்றன. 'இது' என்பதைக் குறிக்கும் 'இக்கி' அங்கு 'இக்கை' என்றாகும். சொற்களிலும் வேறுபாடு உண்டு. மறுப்புச் சொல் நடுக்கிளையில் 'ஓரா', சுராபாயாவில் 'கக்', ஓசிங்கில் 'சிங்'. தன்மை ஒருமைப் பெயர் நடுக்கிளையில் 'அக்கு'; பன்யுமாசில் 'இஞ்ஞோங்'.

ஜொகூருக்கு வந்தவர்கள் ஒரே வட்டாரத்தினர் அல்லர். பத்து பகாட், மூவார் பகுதிகளில் ஆடப்படும் பாரோங்கான் ஆட்டம் கிழக்கு ஜாவாவின் பொனோரோகோ நகரத்து ரெயோக் ஆட்டத்தை வேராகக் கொண்டது. பத்து பகாட்டில் நிழற்பாவைக் கூத்தான வாயாங் பூர்வாவும் ஆடப்பட்டு வந்துள்ளது. பல வட்டாரத்தார் ஓரிடத்தில் கூடி வாழும்போது, மிகுதியாக வேறுபடும் ஒலிகளும் சொற்களும் தேய்ந்து பொதுவானவை நிலைபெறுதல் மொழியியலார் பலவிடங்களில் கண்ட உண்மை. வட ஆர்க்காடு, சேலம், திருச்சிராப்பள்ளி எனப் பல மாவட்டப் பேச்சுகள் தோட்டப்புறங்களில் கலந்து மலேசியத் தமிழ்ப் பேச்சு உருவானதை இதனோடு ஒப்பிடலாம்.

உயிரொலிகள்

ஜாவானியத்தில் அ, இ, உ, எ, ஒ என்பவற்றோடு நடு உயிர் ஒன்றும் சேர்ந்து ஆறு உயிரொலியன்கள் உள்ளன என்பது பரவலான கொள்கை. எகர ஒகரங்களின் திறந்த வடிவங்களைத் தனி ஒலியன்களாகக் கொண்டு எட்டு என்பாரும் உளர். தமிழிற்போலக் குறில் நெடில் வேறுபாடு அம்மொழியில் இல்லை. தமிழர் ஜாவானியம் கற்கும்போது தேவையில்லாத இடத்தில் நெடிலைப் புகுத்துவதற்கும், ஜாவானியர் தமிழ் பேசும்போது நெடிலைக் குறுக்குவதற்கும் இதுவே காரணமாகும்.

மேலே சொன்ன அகரத் திரிபு ஓர் ஒழுங்கின்படி நிகழ்வது. சொல்லிறுதியில் அகரம் வந்தால் அது திறந்த ஒகரமாகும். அதற்கு முந்திய அசை மெய்யில் முடியாமல் அகரத்தையே பெற்றிருந்தால் அதுவும் ஒகரமாகும். எனவே 'ஜாவா' என எழுதப்படுவது 'ஜொவொ' என்றும், 'சுராபாயா' என எழுதப்படுவது 'சுரொபொயொ' என்றும் ஒலிக்கும். சோறு என்னும் பொருளுடைய சொல் தனித்து நிற்கும்போது 'செகொ' என ஒலிக்கும். அதனோடு 'நெ' என்னும் விகுதி சேர்ந்தால் 'செகனெ' என்றாகி, மறைந்திருந்த அகரம் மீண்டும் வெளிப்படும். எழுத்தில் அகரம் காக்கப்படுவதன் காரணம் இதுவே.

இவ்வொகரம் திறந்த ஒகரம் என்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும். 'நோய்' என்னும் பொருளுடைய சொல்லும் 'இரண்டு' என்னும் பொருளுடைய சொல்லும் தமிழ்ச்செவிக்கு 'லொரொ' என்றே கேட்கும். முன்னதில் வாய் அகன்ற ஒகரம். பின்னதில் குவிந்த ஒகரம். முன்னது எழுத்தில் 'லரா' எனவும் பின்னது 'லொரொ' எனவும் அமையும்.

பின்வரும் ஒலி முன்வரும் உயிரை மாற்றுதல் தமிழ்ப் பேச்சிலும் உண்டு. நிலம் 'நெலம்' எனவும் குடம் 'கொடம்' எனவும் வழங்குவதை நாம் நாள்தோறும் கேட்கிறோம். அடுத்த அசையின் அகரமே இங்கு இகர உகரங்களைத் தாழ்த்துகிறது. ஜாவானியத்தில் இகர உகரங்கள் தாழ்வது வேறொரு சூழலில்: அசை மெய்யில் முடியும்போது. கோழியைக் குறிக்கும் 'பித்திக்' என்னும் சொல்லில் இரண்டாம் இகரம் எகரத்தை நோக்கித் தாழ்ந்தே ஒலிக்கும். கிழக்குக் கிளையில் முதல் இகரமும் அதனைப் பின்பற்றித் தாழ்கிறது.

மெய்யொலிகள்

தமிழ் ஆய்வாளரை மிகவும் ஈர்க்கக்கூடியது ஜாவானியத்தின் பல்லொலி, வளைநா ஒலி வேறுபாடாகும். தகர நகரங்கள் மேற்பல்லின் அடியை நா பொருந்துவதாலும், டகர ணகரங்கள் நுனிநா அண்ணத்தைத் தொடுவதாலும் பிறப்பதைத் தொல்காப்பியம் பிறப்பியலில் வகுத்துரைக்கிறது. தமிழருக்கு இயல்பான இவ்வேறுபாடு தென்கிழக்காசிய மொழிகளில் அரிது. மலாயில் தகரத்திற்கு ஓரிடம், அதன் மெலிந்த இணைக்கு ஓரிடம் என்பதன்றி, பல்லொலியும் வளைநா ஒலியும் தம்முள் எதிர்நின்று பொருள் வேறுபடுத்துவதில்லை. ஜாவானியத்திலோ அவை வேறுபடுத்துகின்றன.

'வெதி' என்றால் அஞ்சுதல். 'வெடி' என்றால் மணல். 'பத்தி' என்றால் இறப்பு. 'பட்டி' என்றால் மாவுச்சத்து. 'துத்துக்' என்றால் வாய். 'டுட்டுக்' என்றால் அடித்தல். தமிழில் பதி, படி என்னும் இரு சொற்கள் எவ்வாறு வேறுபடுகின்றனவோ அவ்வாறே இவையும் வேறுபடுகின்றன. உரோமன் எழுத்தில் ஜாவானியம் எழுதும்போது வளைநா ஒலியைக் காட்ட தகர எழுத்துகளோடு ஹகர எழுத்தைச் சேர்ப்பர். இதனை வடமொழி மூச்சொலி எனக் கருதி மயங்குதல் கூடாது.

இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது? இந்திய மொழிகளின் தாக்கத்தால் வந்தது என்பது எளிதில் தோன்றும் விடை. நகரத்தைக் குறிக்கும் 'குட்டொ' முதலான கடன்சொற்களில் வளைநா ஒலி இருப்பது இதற்குச் சான்றாகக் காட்டப்படும். ஆயினும் மணலைக் குறிக்கும் 'வெடி', பெரியது என்னும் பொருளுடைய 'கெடே', முட்டையைக் குறிக்கும் 'எண்டொக்' முதலான அன்றாடச் சொற்களிலும் அவ்வொலி உண்டு. செருமானிய அறிஞர் ஓட்டோ டெம்ப்வொல்ஃப் 1934-38இல் வெளியிட்ட ஆய்வில், மூல ஆஸ்திரோனேசிய மொழியை மீட்டமைக்கும்போது ஜாவானிய வளைநா ஒலியையும் சான்றாகக் கொண்டார். பின்வந்தோர் அம்முடிவை மறு ஆய்வுக்கு உட்படுத்தினர். எவ்வாறாயினும், கடன்சொற்களால் மட்டும் வந்த ஒலி என இதனை ஒதுக்கிவிட இயலாது. நமக்குப் பழக்கமான ஒலி பிறமொழியில் காணப்பட்டால் அது நம்மிடமிருந்தே சென்றது என விரைந்து முடிவு செய்வது ஆய்வு நெறியாகாது.

வல்லொலி, மெல்லோசை வேறுபாடும் கருதத்தக்கது. ஜாவானியத்தில் பகர வரிசையின் இருவகை அடைப்பொலிகளும் குரல் உண்மை, இன்மை என்னும் அடிப்படையில் வேறுபடுவன அல்ல. ஒருவகை குரல்நாண்கள் இறுகிய நிலையிலும், மற்றொருவகை அவை தளர்ந்த நிலையிலும் பிறக்கின்றன. லாடிஃபோகெட், மேடிசன் ஆகிய இருவரும் 1996இல் வெளியிட்ட உலகமொழிகளின் ஒலிகள் பற்றிய நூலில் இதற்கு ஜாவானியத்தையே எடுத்துக்காட்டாகத் தந்துள்ளனர். தளர்ந்த அடைப்பொலியை அடுத்து வரும் உயிர் சற்றே மூச்சு கலந்து, தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும். ஜாவானியர் மலாய் பேசும்போது கேட்கும் தனித்த கனத்த ஓசைக்கு இது காரணமாகும்.

ஊர்ப்பெயரின் முதலில் தளர்ந்த அடைப்பொலி வந்தால் அதன்முன் மூக்கொலி தோன்றும். பாலி 'ம்பாலி' ஆகும். பிளித்தார் 'ம்பிளித்தார்' ஆகும். வினைச்சொல்லில் வல்லொலி மூக்கொலியாகவே மாறிவிடும். 'பங்ஙான்' என்னும் அடியிலிருந்து உண்ணுதலைக் குறிக்கும் 'மங்ஙான்' பிறக்கிறது. 'துலிஸ்' என்பது 'நுலிஸ்' எனவும், 'டுட்டுக்' என்பது 'நுட்டுக்' எனவும் ஆகும். இங்குத் தகரமும் டகரமும் ஒரே நகரமாக இணைந்து, முதலெழுத்தின் வேறுபாடு மறைகிறது என்பது நோக்கத்தக்கது.

எழுத்தும் ஒலியும்

ஜாவானியப் பழவெழுத்து பல்லவ எழுத்திலிருந்து கிளைத்த கவி எழுத்தின் வழிவந்தது. கிழக்கு ஜாவாவில் கிடைத்த சுக்காபூமிக் கல்வெட்டு கி.பி. 804ஆம் ஆண்டைச் சார்ந்தது. காலம் குறிக்கப்பட்ட பழஞ்ஜாவானியச் சான்றுகளில் அதுவே முந்தியது. இன்று ஹானாசாராக்கா எனப்படும் எழுத்துமுறையில் அடிப்படை எழுத்துகள் இருபது. அவற்றுள் பல்லொலிக்கும் வளைநா ஒலிக்கும் தனித்தனி எழுத்துகள் உள்ளன. 2009இல் இவ்வெழுத்து ஒருங்குறியில் இடம்பெற்றது.

இசுலாம் பரவிய பின் அரபு எழுத்தைத் தழுவிப் பெகோன் என்னும் எழுத்துமுறை உருவாயிற்று. அரபு மொழியில் இல்லாத வளைநா ஒலிகளுக்காக அரபு எழுத்துகளின்மேலும் கீழும் புள்ளிகளிட்டுப் புதிய எழுத்துகளை ஜாவானியர் அமைத்துக்கொண்டனர். இந்தோனேசியாவில் உரோமன் எழுத்துக்கு மாறியபோதும் ஹகரத்தைச் சேர்த்து அவ்வேறுபாட்டைக் காத்தனர். மூன்று எழுத்துமுறைகள் மாறியும் ஓர் ஒலி வேறுபாடு கைவிடப்படவில்லை.

ஜொகூரில் நிலைமை வேறு. இங்குள்ள ஜாவானியர் கற்றது மலாய் எழுத்துமுறை. மலாயின் ஜாவி எழுத்திலும் உரோமன் எழுத்திலும் வளைநா ஒலிக்கு இடமில்லை. ஆதலால் 'வெதி'யும் 'வெடி'யும் எழுத்தில் ஒன்றாகிவிடுகின்றன. எழுத்தின் துணையின்றி, மலாயின் துணையும் இன்றி, செவிவழியாக மட்டுமே இவ்வேறுபாடு அடுத்த தலைமுறையை அடைய வேண்டியுள்ளது. செவிவழி அடைபடுமாயின் மீட்க வேறு வழியில்லை.

மதிப்பு நிலைகள்

ஜாவானியத்தின் மற்றொரு சிறப்பு அதன் மதிப்பு நிலைகளாகும். ஙோக்கோ என்பது நெருங்கியோரிடமும் இளையோரிடமும் பேசும் நிலை. குரோமோ என்பது மதிப்பிற்குரியோரிடம் பேசும் நிலை. தமிழில் நீ, நீங்கள் என இடப்பெயரையும் வினைவிகுதியையும் மாற்றி மதிப்புக் காட்டுகிறோம். ஜாவானியத்தில் சொல்லே மாறுகிறது. உண்ணுதல் ஙோக்கோவில் 'மங்ஙான்', குரோமோவில் 'நெடொ', உயர்ந்தோர் உண்ணுதலைக் கூறும்போது 'டஹர்'. வீடு 'ஓமஹ்', 'கிரியொ', 'தலெம்' என மூவகைப்படும். 'கிரியொ' வடமொழி கிருகத்தின் திரிபு. ஒலித்திரிபால் அமைந்த மதிப்புச் சொற்களும் உண்டு: 'ஜொவொ' என்பது 'ஜாவி' ஆகும், 'கந்தி' என்பது 'கந்தொஸ்' ஆகும்.

அயலகச் சூழலில் முதலில் தேய்வது இக்குரோமோ நிலையே. அதனைக் கற்கப் பெரியோர் அவையும் சடங்கும் தேவை. பிள்ளைகள் விளையாட்டிலும் அடுக்களையிலும் கேட்பது ஙோக்கோவை. மதிப்பு நிலை தெரியாத இளைஞர், பெரியோரிடம் ஙோக்கோவில் பேசினால் பண்பற்றவராகக் கருதப்படுவோமோ என்று அஞ்சி மலாய்க்கு மாறிக்கொள்கின்றனர். மொழியின் பண்பாட்டுச் செழுமையே அதன் வழக்கொழிவுக்கு ஒரு காரணமாவது எண்ணிப்பார்க்கத்தக்கது.

தமிழுக்கு இதில் உள்ள பாடம்

ஜாவானியம் தமிழுக்கு முற்றிலும் அயலானதன்று. அரிசி மாவால் செய்யும் 'அப்பெம்' என்னும் பணியாரம் தமிழின் அப்பமே. மாம்பழத்தைக் குறிக்கும் 'பெலெம்' என்னும் சொல்லும் மாம்பழம் என்பதன் திரிபெனக் கருதப்படுகிறது. ஆனால் இக்கட்டுரை வலியுறுத்த விரும்பும் உறவு சொற்கடனினும் ஆழமானது.

1890 முதல் 1939 வரை ஒப்பந்தத் தொழிலாளராகச் சூரிநாமுக்குச் சென்ற ஜாவானியர் இன்றும் அங்கு ஜாவானியம் பேசுகின்றனர். அங்கே சுற்றியிருந்த மொழிகள் ஜாவானியத்திற்கு முற்றிலும் வேறானவை, சமயமும் வேறானது. ஜொகூரிலோ மலாய் ஜாவானியத்தோடு குடும்ப உறவுடையது, சமயம் ஒன்று, எழுத்து ஒன்று. உறவு நெருங்க நெருங்க மாற்றம் எளிதாகிறது. பகைமையின்றி, கட்டாயமின்றி, மணவுறவாலும் பள்ளியாலும் ஒரு மொழி மற்றொன்றினுள் கரைகிறது.

ஜொகூரில் தமிழுக்கு ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. தமிழ் இங்கு நிற்பதற்குத் தமிழர் தொகையைவிட இப்பள்ளிகளே பெருங்காரணம். ஜாவானிய வழியினர் எண்ணிக்கையிற் குறைந்தவர் அல்லர். அவர்களுக்கு இல்லாதது மொழியைக் கற்பிக்கும் பள்ளியே. ழகரம் நம் பிள்ளைகள் நாவில் ளகரமாகத் திரியும்போது, எழுத்து நம்மைத் திருத்துகிறது. ஜொகூர் ஜாவானியரிடம் டகரம் தகரமாகும்போது திருத்துவதற்கு எழுத்தில்லை.

முடிவுரை

ஜாவானிய மொழியின் இறுதி அகரத் திரிபு, பல்லொலி வளைநா ஒலி எதிர்வு, இறுகிய, தளர்ந்த அடைப்பொலிகள், மதிப்பு நிலைகள் ஆகியவற்றை இதுகாறும் கண்டோம். இவற்றுள் வளைநா ஒலி எதிர்வும் குரோமோ நிலையும் ஜொகூர்ச் சூழலில் மலாயின் துணையைப் பெறாதவை. ஆதலின் முதலில் பதிவு செய்யப்பட வேண்டியவையும் அவையே.

இப்பணிக்குத் தமிழ் மாணவர்கள் தகுதியுடையவர்கள். தகரத்தையும் டகரத்தையும் பிறப்பிலிருந்தே பிரித்தறியும் செவி அவர்களுக்கு உண்டு. தமிழெழுத்திலேயே அவ்வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளவும் இயலும். பத்து பகாட், மூவார், பொந்தியான் வட்டாரங்களில் எழுபது வயதைக் கடந்த ஜாவானியரிடம் இருநூறு அடிப்படைச் சொற்களை ஒலிப்பதிவு செய்து, அவர்தம் பேரப்பிள்ளைகளிடமும் அதே சொற்களைப் பதிந்து ஒப்பிட்டால், இரண்டு தலைமுறைக்குள் எவ்வொலி நின்றது, எவ்வொலி நீங்கியது என்பது தெளிவாகும். ஒவ்வொரு குடும்பத்தின் மூதாதையர் எந்த ஜாவா மாவட்டத்திலிருந்து வந்தனர் என்பதையும் உடன் குறித்தல் வேண்டும். அஃதின்றேல் கிளைமொழி வேறுபாட்டை மொழித்தேய்வு எனப் பிழைபடக் கொள்ள நேரும். இந்திய ஆய்வியல் துறை மாணவர்கள் ஒரு பருவத்துக் களப்பணியாகவே இதனைச் செய்து முடிக்கலாம். பதிவு செய்வதற்கு உரியவர்கள் முதியோர் என்பதால் இதனைக் காலந்தாழ்த்தாது தொடங்குதல் நன்று.